அண்டாவில் வந்தவர்

மன்ற எழுத்தர் கோலப்பன் ஒன்பதாம் பொருளை வாசிக்க ஆரம்பித்தபோதே பதினாலாவது வார்டு உறுப்பினர் ஆவுடையப்பனுக்கு ஒண்ணுக்கு முட்டிவிட்டது. இருபத்துநாலாம் பொருள் முடிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று காலையில் வீட்டுப்படி இறங்கும்போதே அவர் தீர்மானம் போட்டிருந்தார், தனக்குத்தானே போட்டுக்கொண்ட தீர்மானம், யாரும் வழிமொழிய வேண்டியதில்லை, ஆனால் அடிவயிறு அதை ஏற்றுக்கொள்ளாமல் வெளிநடப்பு செய்வேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. காலை மேல் காலைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். எழுபத்தொரு வயதில் இது ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது, மற்றதெல்லாம், பல் உட்பட, விடைபெற்றுப் போய்விட்டதால் தகராறில்லை. போன மாதம் இப்படித்தான் ஒரே ஒரு நிமிடம் என்று வெளியே போனார், திரும்பி வருவதற்குள் தெருநாய்க்கு ஊசி போடுவதிலிருந்து நூலகத்துக்குப் பூட்டு வாங்குவதுவரை ஐந்து பொருள் நிறைவேறிவிட்டது, மேசை தட்டுகிற சத்தம் கழிப்பறைச் சுவர் வழியாக ஐந்து தரம் கேட்டது, கையில் வேலையாக நின்ற மனிதர் அங்கிருந்து என்ன ஆட்சேபணை சொல்ல முடியும். செங்கால்பேரி நகராட்சியில் விவாதம் என்றால் அவ்வளவுதான். கோலப்பன் வாசிப்பார், தலைவர் எஸ்தரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து “ஆல் பாஸ்தானே?” என்பார், இருபத்தேழு பேரும் மேசையைத் தட்டுவார்கள், அடுத்த பொருள். யாராவது தட்டாமல் இருந்ததாக ஆவுடையப்பனுக்கு ஞாபகமில்லை. கோலப்பனுக்கும் இல்லை, அதனால் அவர் முந்தின நாளே மினிட் புத்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவைத்து, மை காய்ந்த பிறகுதான் கூட்டத்துக்கே வருவார். நடக்கப்போவதை நடந்ததாக எழுதுகிற மனிதர், இந்த ஊரில் ஆவுடையப்பனை மட்டும் ஏன் புளுகன் என்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. இருபத்துநாலாம் பொருளுக்கும் இந்நேரம் மை காய்ந்திருக்கும். அதை நினைத்ததும் அடிவயிறு ஒரு தரம் சுண்டியது.

ஓரத்து மேசையில் இருபத்துநாலாம் பொருள் பொம்மையாக உட்கார்ந்திருந்தது. ஏழுநிலா நகர், அறுநூற்று நாற்பது வீடு, எல்லாம் அட்டையில், தீப்பெட்டி தீப்பெட்டியாய், பச்சைப் பஞ்சில் மரம், மரத்தடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குடும்பம். அதன் நடுவே ஒரு பழுப்பு நிறப் பட்டை, இரண்டு பக்கமும் குட்டி விளக்குக் கம்பம், ‘காலை நடைப் பாதை’ என்று எழுதியிருந்தது. அதுதான் மறுகால் ஓடை. செங்கால்குளம் நிறைந்து வழிந்தால் மிச்சத் தண்ணீர் ரயில்வே கேட் வரைக்கும் போய் ஆற்றில் விழுகிற பாதை. நாற்பது அடி அகலத்தில் அதைத் திறந்தே விடவேண்டும் என்பது நகராட்சி போட்ட பதினொன்றாம் நிபந்தனை. திறக்க வேண்டாம், மூன்றடிக் குழாய் ஒன்றைப் பதித்து மேலே மூடிவிடுகிறோம், முப்பத்தெட்டு மனை கூடுதலாகக் கிடைக்கும், நிபந்தனையைத் தளர்த்துங்கள் என்பது நகரைக் கட்டுகிற கம்பெனியிடமிருந்து இப்போது வந்திருக்கிற மனு. போன வாரம் அவர்களுடைய இன்ஜினியர் வந்து விளக்கினார், நல்ல பிள்ளை, சட்டைப் பையில் நாலு பேனா. “முப்பத்தாறு வருஷமா மறுகால் பாயவே இல்லை சார், ரெக்கார்டு பார்த்தாச்சு. மூணடிக் குழாயே அதிகம்.” ரெக்கார்டு பார்த்தாச்சாம். யார் ரெக்கார்டு, கோலப்பன் ரெக்கார்டா, முந்தின நாளே எழுதினதா. அந்தப் பதினொன்றாம் நிபந்தனை எப்படி வந்தது என்று அந்த ரெக்கார்டில் இருக்காது, ஆவுடையப்பன் மண்டையில்தான் இருக்கிறது, அதை நினைத்தால் இந்த அவஸ்தையிலும் அவருக்கு மீசை தானாக மேலே ஏறும். மூன்று வருடத்துக்கு முன்னால் நிபந்தனை பத்துதான். டீக்கடையில் கோலப்பனைப் பிடித்து, “வே, பத்துங்கிறது மொட்டையா இருக்கு, பதினொண்ணுன்னா மொய் எழுதின மாதிரி லட்சணமா இருக்கும், இதையும் சேரும்” என்று ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். கோலப்பனும் லட்சணத்துக்காகவே சேர்த்தார். எஸ்தரம்மா ஆல் பாஸ்தானே என்றார், தட்டினார்கள், நாற்பது அடி ஓடை பிழைத்துவிட்டது. ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு ஓடையையே மடியில் கட்டிக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்கு நடந்த நடை இருக்கிறதே, ராஜா நடை. தட்டிக் கொடுத்த கையே இன்றைக்குத் தட்டிப் பறிக்கப்போகிறது. பன்னிரண்டு. பன்னிரண்டாம் பொருள், பேருந்து நிலையக் கழிப்பறைக்குக் கதவு. இந்த நேரத்திலா அதை வாசிக்கவேண்டும், கதவு, தண்ணீர்த் தொட்டி, குழாய், சொட்டுகிற குழாய். தட்டினார்கள். அவரும் தட்டினார், கதவு நல்ல விஷயம்.

“என்ன ஓய், நெளியுதீரு?” என்றார் பக்கத்து நாற்காலி பீர்முகம்மது, பதின்மூன்றாவது வார்டு, ஐம்பது வருடச் சேக்காளி. “போயிட்டு வாரும்வே, நாற்காலியை நான் பார்த்துக்கிடுதேன்.” நாற்காலியைப் பார்த்துக்கொள்வார், ஓடையை யார் பார்த்துக்கொள்வது. பீர்முகம்மது இன்றைக்கு அத்தர் பூசி, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார், வந்ததும் வராததுமாக அந்தப் பொம்மை நகரத்துப் பக்கம் போய்க் குனிந்து ஒரு தீப்பெட்டி வீட்டைத் தொட்டுக் காட்டினார், “இந்தா, இருநூத்திப் பன்னிரண்டு, நம்ம மைமூன் வீடு, வாசல் கிழக்கே பார்த்தது.” மைமூன் அவருடைய ஒரே மகள், சின்னதில் ஆவுடையப்பன் சைக்கிள் கடையில் குரங்குப் பெடல் பழகின பிள்ளை. இருநூற்றுப் பன்னிரண்டு, பழுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் முதல் வீடு. நேற்று டீக்கடையில் சொல்லிப் பார்த்தார், வே பீரு, அந்த இடம் வேண்டாம், வெள்ளம் வரும் என்று. பீர்முகம்மது டீயைச் சிந்திச் சிரித்தார், “வரட்டும் ஓய், அண்டாவுல ஏத்திக் கூட்டிட்டு வந்துரும் எம் மவளை.” கடையே சிரித்தது, பாய்லர்கூட உஸ்ஸென்று சிரித்தது. அவரும் சிரித்தார், வேறென்ன செய்வது, சொந்தக் கதைக்குச் சிரிக்காமல் இருந்தால் கதைக்கு மரியாதை இல்லை. அண்டா. அந்தப் பாழாய்ப்போன அண்டா.

அண்டாக் கதை தெரியாதவர்கள் செங்கால்பேரியில் கிடையாது, தொட்டில் பிள்ளைகள் நீங்கலாக. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி, ஆவுடையப்பனின் தங்கை கோமதிக்குக் கல்யாணம், சாம்பாருக்கு என்று உச்சிமாகாளி கோயிலிலிருந்து வாய் நாலடி அகலத்தில் ஒரு செப்பு அண்டாவை வாடகைக்கு எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்து ஓடை வழியாகக் கொண்டுவருகிறார், காலை எட்டு மணி, குளம் உடைந்த மாதிரி மறுகால் பாய்ந்துவிட்டது. இதுவரை சத்தியம். இதற்கு மேல்தான் ஆவுடையப்பன். ஒரே தாவலில் அண்டாவுக்குள் உட்கார்ந்தாராம், சாம்பார்க் கரண்டிதான் துடுப்பாம், எதிரே வந்த எருமைமாடு ஒதுங்கி வழிவிட்டதாம், நாகப்பாம்பு ஒன்று விளிம்பில் ஏறி ‘அண்ணாச்சி, கொஞ்சதூரம் இறக்கிவிடுங்க’ என்கிற மாதிரி பார்த்ததாம், ரயில்வே கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடி காட்டினாராம், ஒரு சொட்டு நனையாமல் இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய் நின்றாராம். ஆரம்பத்தில் ஒரு எருமைதான், பத்து வருடத்தில் பதினாறு எருமை ஆகிவிட்டது, நல்ல தீவனம். அண்டா ரயில்வே கேட்டில் கிடந்தது நிஜம், ஊரே பார்த்தது, இன்றைக்கும் அந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பொங்கல் அதில்தான், ஒடுக்கு விழுந்த இடத்தைக் காட்டி அதுதான் எருமை முட்டின இடம் என்று பூசாரியே சொல்லுகிறார். அந்த அண்டாவால்தான் சுயேச்சையாக நின்று இரண்டு தரம் ஜெயித்தார், ‘வெள்ளத்தை வென்றவர்’ என்று போஸ்டர் ஒட்டினார்கள், தேசியக் கட்சிக்காரர்கள் டெபாசிட் இழந்தார்கள். ஒரு பொய்யைப் பிள்ளை மாதிரி வளர்த்து ஆளாக்கி ஊருக்கே சோறு போட வைத்திருக்கிறார், சும்மாவா. பதினேழு. கொசு மருந்துப் புகை இயந்திரம். தட்டினார்கள், அதிர்ச்சி மேசை வழியாக வந்து நேரே அடிவயிற்றில் இறங்கியது, பல்லைக் கடித்தார், பல் செட் கடித்தது.

முள். அவர் எவ்வளவு விலக்கினாலும் நினைப்பு முள்ளில் போய்த்தான் மாட்டும். அண்டா போனது, அவர் போகவில்லை. வண்டி கவிழ்ந்தது, தண்ணீர் முழங்கால், இடுப்பு, எண்ணி முடிப்பதற்குள் கழுத்து, கைக்குக் கிடைத்தது ஒரு உடைமரம், ஊசி ஊசியாய் வெள்ளை முள், அதைக் கட்டிப்பிடித்து ஏறினார், பெண்டாட்டியைக்கூட அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. எட்டு மணியிலிருந்து பகல் மூன்று மணிவரை. கீழே செம்மண் தண்ணீர் ஓலைக்கூரையை, கோழிக்கூண்டை, கட்டின கயிற்றோடு ஒரு கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போனது, கன்றுக்குட்டி அவரைப் பார்த்துக்கொண்டே போனது. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, மீசை வைத்தவன், அம்மா அம்மா என்று தொண்டை கிழிய அழுதார். வேட்டியிலேயே போனது, முதலில் சூடாக, அப்புறம் சில்லென்று, அந்தச் சில்லிப்பு இப்போதும் தொடையில் இருக்கிறது. கோமதி கழுத்தில் தாலி ஏறினபோது மேளச் சத்தம் காற்றில் மிதந்து மரத்துக்கு வந்தது, அண்ணன்காரன் கொப்பில் தொங்கிக்கொண்டு அதைக் கேட்டான். தண்ணீர் வடிந்ததும் தானே இறங்கிக் கல்யாண வீட்டுக்குப் போனபோது வாசலில் நூறு பேர், எப்படிவே அண்டா ரயில்வே கேட்டுக்குப் போச்சு, நீரு எங்க போனீரு. வாயைத் திறந்தார், அண்டாக் கதை தானாக வந்து விழுந்தது, அவர் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு வீட்டில் பெண்டாட்டி உலகம்மாள் தொடையிலிருந்து பத்தொன்பது முள் எடுத்தாள். “அண்டாவுக்குள்ள ஏது முள்ளு?” என்று ஒரு தரம் கேட்டாள். அவர் முகட்டைப் பார்த்தார். அப்புறம் அவள் கேட்கவே இல்லை, அவள் முன்னால் எத்தனை தரம் அந்தக் கதையைச் சொன்னாலும் முகம் கோணாமல் காப்பி கொண்டுவந்து வைப்பாள், ஒரு எருமை கூடினால் மட்டும் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த உடைமரம் நின்ற இடம் வேறு யாருக்கும் தெரியாது. அவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி ஓரத்து மேசையைப் பார்த்தார். பீர்முகம்மது தொட்ட இடத்துக்கு அரை விரற்கடை தள்ளி.

இருபது. என்ன சொல்லுவது. வெள்ளம் வரும் என்றால் அண்டா என்பார்கள். கழுத்தளவு என்றால் எத்தனை எருமை என்பார்கள். கூட்டத்துக்கு ஒரு தரம் அவர் எழுந்தால் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்துகொள்வது வழக்கம், வடை வருகிறவரைக்கும் பொழுதுபோக வேண்டுமே, கோலப்பன்கூட மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டையில் செருகிவிடுவார், மினிட் புத்தகத்தில் ‘பதினாலாவது வார்டு உறுப்பினர் பேசினார்’ என்று மட்டும்தான் இருக்கும், என்ன பேசினார் என்று ஒரு நாளும் இராது. நிஜத்தைச் சொன்னால்? முப்பத்தாறு வருடத்து அண்டாவைக் கவிழ்த்துவிட்டு உடைமரத்தில் ஏறி நின்று, இந்தா பாருங்கள், நான் அழுதேன், நனைத்தேன் என்றால்? பூசாரி கொடைக்கு எதைக் காட்டுவார். போஸ்டர். வார்டு. சேச்சே. அதுவும் வேண்டாம், பேசாமல் இருந்துவிட்டால்? இன்னும் ஐம்பது வருடத்துக்குக் குளம் நிறையாமலே இருந்துவிட்டால்? இருக்காது. தண்ணீருக்கு ஞாபகம் அதிகம், மனுசன்தான் மறப்பான், கன்றுக்குட்டி பார்த்துக்கொண்டே போனது. இருபத்துமூன்று. “பெரியப்பா!” முன்வரிசையிலிருந்து ஒன்பதாவது வார்டு முப்பிடாதி திரும்பினாள், துடுக்கான பிள்ளை, முதல் தரம் ஜெயித்தவள். “என்ன இன்னைக்கு வாயே திறக்கலை? அடுத்த ஐட்டம் ஓடையாமே, அண்டாவைக் கொண்டாந்திருக்கீங்களா, வெளிய நிப்பாட்டியிருக்கீங்களா?” சிரிப்பு வரிசையாகப் பரவியது. “சாவி போட்டு நிப்பாட்டியிருக்கேன் தாயீ, நீ போயி ஏறிக்கிடாத, பிரேக் கிடையாது” என்று வாய் தானாகச் சொல்லியது. வாய்க்கு என்ன, அதற்குத் தனிச் சம்பளம்.

“பொருள் இருபத்துநாலு,” என்று கோலப்பன் இருமிக்கொண்டார், “ஏழுநிலா நகர், நிபந்தனை பதினொன்றைத் தளர்த்தி மூன்றடிக் குழாய்…” எஸ்தரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஆல் பாஸ்தா…” ஆவுடையப்பன் எழுந்திருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது, நாற்காலி கிரீச்சென்றது, எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள், கோலப்பன் பேனாவை மூடினார். எஸ்தரம்மாவும் சிரித்து, “சரி அண்ணாச்சி, வடை இன்னும் வரலை, சொல்லுங்க” என்றார். மைக் ஊய்யென்றது. அடிவயிறு முட்டியது, அது விட்டால் இங்கேயே, இருபத்தேழு பேர் முன்னால், மறுபடியும். “தலைவரம்மா,” என்றார், “கோயில் அண்டாவை எல்லாரும் பார்த்திருக்கிய. வாய் நாலடி. அது இந்த ஓடை வழியாத்தான் ரயில்வே கேட்டுக்குப் போச்சு, அது நெசம். மூணடிக் குழாய்க்குள்ள நாலடி அண்டா போவுமான்னு முதல்ல யோசிங்க.” முப்பிடாதி, “நீங்க கொஞ்சம் மெலிஞ்சிக்கிடணும் பெரியப்பா” என்றாள். சிரிப்பு. சிரிப்பு அடங்குகிறவரை நின்றார். உலகம்மாள் டம்ளரைச் சத்தமாக வைக்கிற ஓசை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. “அண்டா போச்சு,” என்றார். “அதுக்குள்ள நான் இல்லை.”

“நான் உடைமரத்துல இருந்தேன். காலம்பற எட்டு மணியிலேருந்து மூணு மணிவரைக்கும். கீழ நிக்கையில தண்ணி எனக்குக் கழுத்தளவு. அழுதேன். அம்மான்னு கூப்பிட்டு அழுதேன். வேட்டியிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். எருமையும் இல்லை பாம்பும் இல்லை, ஒரு கன்னுக்குட்டி போச்சு, என்னால பிடிக்க முடியலை. முள்ளு பத்தொன்பது எடுத்தது போக, இன்னும் ரெண்டு தொடைக்குள்ளேயே கிடக்கு, மழைக்காலத்துல குத்தும்.” யாரும் சிரிக்கவில்லை. அவர் காத்திருந்தார், வாழ்நாள் பூராவும் அவர் வாயிலிருந்து வந்த எதற்கும் சிரித்த கூட்டம் சிரிக்கவில்லை, புளுகுகிறவன் தன்னைப் பெரிசாக்கிப் புளுகுவானே ஒழிய இப்படி நனைத்துக்கொண்டு நிற்க மாட்டான் என்று அவர்களுக்கே புரிந்திருக்க வேண்டும். பீர்முகம்மது அண்ணாந்து பார்த்தார், ஐம்பது வருடத்தில் முதல்தரம் பார்க்கிற மாதிரி. “ஓய்,” என்றார் மெதுவாக, “அந்த மரம் எங்க நின்னுது?” ஆவுடையப்பன் கால்களை இடுக்கிக்கொண்டே ஓரத்து மேசைக்கு நடந்தார், ஒவ்வொரு அடியும் ஒரு மைல், பழுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். கிழக்கே பார்த்த அந்தக் குட்டி வாசல் விரலுக்கு அடியில் மறைந்துபோனது. பீர்முகம்மது தட்டுவதற்கென்று மேசைமேல் விரித்து வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆல் பாஸ்தானே?” என்றார் எஸ்தரம்மா, குரலில் உப்பில்லை. பின்வரிசையில் ஒரே ஒரு கை தட்டியது, தனியாகத் தட்டின வெட்கத்தில் அதுவும் நின்றது. முப்பிடாதி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். எஸ்தரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ தளர்த்த வேண்டாம். நிபந்தனை பதினொண்ணு இருந்த மாதிரியே இருக்கட்டும். எழுதுங்க கோலப்பன்.” கோலப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “எழுதியாச்சேம்மா,” என்றார். “ஏகமனதான்னு…” “அடியுங்க.” “அடிச்சுப் பழக்கமில்லையேம்மா,” என்று முனகிக்கொண்டே அளவுகோலை எடுத்து, பிள்ளைக்குக் காது குத்துகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்து, முத்து முத்தான எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பேனா கிறீச்சிட்டதை ஆவுடையப்பன் நாதஸ்வரம் கேட்கிற மாதிரி கேட்டார். நெஞ்சு விரிந்தது, சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல இருந்தது. கோலப்பன் பேனாவைத் தூக்கிப் பிடித்து நிமிர்ந்தார். “அண்ணாச்சி, நீங்க பேசினதை என்னன்னு எழுதட்டும்?” அந்தக் கேள்வியை இந்த மன்றத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அண்டாவுக்குக் கிடைக்காத மரியாதை உடைமரத்துக்குக் கிடைத்திருக்கிறது. “அழுதான்னு எழுதும்வே,” என்றார். “கழுத்தளவுத் தண்ணின்னு எழுதும். பதினாலாவது வார்டு உறுப்பினர் உடைமரத்துல உக்காந்து அழுதார்னு, கொட்டை எழுத்துல.” கோலப்பன் எழுதினார். மை காயட்டும் என்று ஆவுடையப்பன் பக்கத்தில் நின்று ஊதியும் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் நடந்தார், ஓடவில்லை, ஓடினால் கௌரவம் போய்விடும், நீளமான தாழ்வாரத்தில் ராஜா நடை நடந்தார். முப்பத்தைந்து வயதில் மரத்தில் விட்டதை எழுபத்தொன்றில் மன்றத்தில் அடக்கிக் காட்டியாயிற்று, இதையும் சேர்த்து மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம். கழிப்பறைக்குள் போய் நின்றார், கண்ணை மூடினார், செங்கால்குளம் மறுகால் பாய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்தாம் பொருளுக்கு மேசை தட்டினார்கள், தட்டிக்கொள்ளட்டும். வெளியே வந்தபோது பீர்முகம்மது வாசலில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையிலும் இரண்டு வடை, ஒன்றை நீட்டினார். ஆவுடையப்பன் வாங்கிக் கடித்தார்.

“கழுத்தளவா ஓய்?” என்றார் பீர்முகம்மது. “நெசமா, கழுத்தளவா?”

“நெசம்தான்வே.” ஆவுடையப்பன் மீசையில் ஒட்டின வடைத் துணுக்கைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். “ஆனா அதுல ஒரு அடி எங் கண்ணீரு.”